கைப்பட்டைக்கு நீண்ட வரிசை, ஆலோசனை அறை காலி: பிரிட்டன் ஸ்டூடண்ட்ஸ் யூனியன் சேவைகள், ஒரு மதிப்பீடு

செப்டம்பர் கடைசியில் பிரிட்டனின் எந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போனாலும் முதலில் கண்ணில் படுவது ஸ்டூடண்ட்ஸ் யூனியன்தான். காதைப் பிளக்கும் பாட்டு, இலவசத் துணிப்பை, பீட்சா துண்டு, மேஜை போட்டு ஆள் பிடிக்கும் கிளப்புகள், விருந்துகளுக்கான நுழைவுக் கைப்பட்டை வாங்க வாசல் வரை வரிசை. அதே கட்டிடத்தில் ஏதோ ஒரு மூலையில் 'அட்வைஸ்' என்று பலகை மாட்டிய சின்ன அறை ஒன்று இருக்கும். அந்த வாரம் அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தேர்வு முடிவு வெளியாகும் ஜூன், ஜூலையில் அதே அறையில் அரைமணி நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஒரு வருட முதுகலைப் படிப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிற மாணவருக்கு யூனியனின் எந்தச் சேவை எவ்வளவு பயன்படும், எது வெறும் பகட்டு என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

முதலில், அது என்ன அமைப்பு? தமிழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து வருபவருக்கு மாணவர் சங்கம் என்றதும் கட்சிக்கொடி ஞாபகம் வரும், இல்லையென்றால் எதுவுமே ஞாபகம் வராது. அங்கே பல கல்லூரிகளில் தேர்தலே கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்கு மாணவர் ஒன்றியம் என்றால் அறிக்கை விடும், ஊர்வலம் போகும். பிரிட்டனில் இருப்பது இந்த இரண்டு சட்டகத்துக்குள்ளும் அடங்காது. சம்பளம் வாங்கும் ஊழியர்கள், மதுக்கூடம், கடை, அறங்காவலர் குழு எல்லாம் கொண்ட தொண்டு நிறுவனம் அது. 1884இல் எடின்பரோவில் மாணவர் பிரதிநிதிகள் சபையாகத் தொடங்கிய வழக்கம், இன்று அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. அதன் இன்றைய நடைமுறையைக் கட்டிப்போடுவது 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. பதிவு செய்த அன்றே நீங்கள் உறுப்பினர். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து விலகலாம். விலகினீர்கள் என்பதற்காகச் சேவைகளில் உங்களுக்கு நியாயமற்ற பாதகம் வரக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

பெயர் குழப்பும். லிவர்பூல், பர்மிங்ஹாம், எக்ஸீட்டரில் அது 'கில்ட்'. ஸ்காட்லாந்தில் பல இடங்களில் 'அசோசியேஷன்'. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நான்கு அமைப்புகள் தனித்தனியாக உள்ளன. அப்பீல் பற்றிக் கேட்க மாணவர் பிரதிநிதிகள் சபைக்குப் போக வேண்டும், யூனியன் என்று பெயர் போட்ட இரண்டு கட்டிடங்களும் கேளிக்கைக்கானவை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் முதுகலை மாணவரின் அன்றாடம் கல்லூரியின் எம்.சி.ஆர். எனப்படும் முதுகலை மாணவர் மன்றத்தைச் சுற்றியே நகரும். மைய யூனியன் வேறு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பல இடங்களில் பெரும்பங்கு பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தரும் மானியம். மிச்சம் மதுக்கூடம், கடை, விளம்பர மேஜை வாடகை. அதாவது பல்கலைக்கழகத்துக்கு எதிராக உங்கள் பக்கம் நிற்கும் ஆளுக்குச் சம்பளம் சுற்றிவளைத்து அதே பல்கலைக்கழகத்திடமிருந்துதான் வருகிறது. இது அந்த அமைப்போடு கூடப்பிறந்த பலவீனம். தனிப்பட்ட வழக்கில் ஆலோசகர்கள் பயந்து பின்வாங்குவது அபூர்வம். கட்டண உயர்வு, துறை மூடல் போன்ற பெரிய விஷயங்களில் யூனியனின் குரல் எவ்வளவு உயரும் என்பது அந்தந்த வருடம் பொறுப்பில் இருப்பவரைப் பொறுத்தது. கணக்கைப் பார்க்க யாரிடமும் கெஞ்ச வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருமானம் 1,00,000 பவுண்டுக்கு மேல் உள்ள யூனியன்கள் 2010 முதல் சாரிட்டி கமிஷனில் பதிவு செய்தாக வேண்டும். கமிஷனின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் ஆண்டறிக்கை கிடைக்கும். மானியம் எவ்வளவு, ஆலோசனைப் பிரிவுக்கு எவ்வளவு, மதுக்கூடம் லாபமா நஷ்டமா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். சேரும் முன்பே பார்த்துவிடலாம்.

இனி அந்த அட்வைஸ் அறை. இந்த மதிப்பீட்டில் கிட்டத்தட்டப் பாதி இதற்கே போகும். தகுதியும் அதற்கு உண்டு.

அங்கே இரண்டு முதல் ஐந்தாறு முழுநேர ஆலோசகர்கள் இருப்பார்கள். மாணவர்கள் அல்ல, பணியாளர்கள். வழக்கறிஞர்களும் அல்ல, ஆனால் உங்கள் பல்கலைக்கழக விதிப்புத்தகத்தின் எந்தப் பத்தியில் எந்த வார்த்தை இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். பல்கலைக்கழகமே நடத்தும் 'ஸ்டூடண்ட் சப்போர்ட்' பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் மீது குற்றம் சாட்டும் நிறுவனத்தின் ஊழியர்கள் அவர்கள். யூனியன் ஆலோசகரிடம் சொன்னது உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் துறைக்குப் போகாது. உயிராபத்து போன்ற விதிவிலக்குகளை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்கள்.

அதிகம் வருவது மூன்று வகை வழக்குகள்: அகடமிக் மிஸ்கான்டக்ட், மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ், அப்பீல்.

மிஸ்கான்டக்ட் என்றால் பிறர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்தது, நண்பரோடு சேர்ந்து எழுதியது, அனுமதி இல்லாமல் ஏ.ஐ. பயன்படுத்தியது, காசு கொடுத்து எழுதி வாங்கியது. பிற எழுத்தோடு பொருந்தும் வரிகளைக் கண்டுபிடிக்கும் டர்னிடின் மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்து நடுங்குவதில் அர்த்தமில்லை. மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்தாலே எண் ஏறும். துறை பார்ப்பது எந்த வரி எங்கே பொருந்துகிறது என்பதை. மின்னஞ்சல் வந்ததும் பெரும்பாலோர் செய்யும் தவறு, அன்றைக்கே "மன்னித்துவிடுங்கள் சார், இனிமேல் செய்யமாட்டேன்" என்று பதில் போடுவது. நம் ஊரில் அது பணிவு. அங்கே அது ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் ஏறிவிடும். மேற்கோள் குறி போட மறந்தவரும் கட்டுரையை விலைக்கு வாங்கியவரும் ஒரே வாக்கியத்தில் மன்னிப்புக் கேட்டால் குழுவுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டாவது தவறு, மின்னஞ்சலைத் திறக்காமலே விடுவது. விசாரணை நீங்கள் இல்லாமலும் நடக்கும்.

செய்ய வேண்டியது இது. குற்றச்சாட்டுக் கடிதம், டர்னிடின் அறிக்கை, சமர்ப்பித்த கோப்பு, அந்த அசைன்மென்டுக்கான வழிகாட்டுத் தாள் நான்கையும் முழு பி.டி.எஃப்.ஆக அட்வைஸ் பிரிவுக்கு அனுப்புங்கள். மாணவர் எண், படிப்பின் பெயர், பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதி மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அவர்களுக்கு வேண்டிய வரி அதில் வெட்டுப்பட்டிருக்கும். ஏ.ஐ. குற்றச்சாட்டு என்றால் வேர்ட் அல்லது கூகுள் டாக்ஸின் வெர்ஷன் ஹிஸ்டரி (கோப்பு எப்போது எப்படி மாறியது என்ற பதிவு), கைக்குறிப்புகள், இடைநிலை வரைவுகள், நூலகத்திலிருந்து இறக்கிய கட்டுரைகள் ஆகியவைதான் சாட்சி. ஒரே மூச்சில் ஒட்டப்பட்ட 2,000 சொற்கள் வெர்ஷன் ஹிஸ்டரியில் தெரிந்தால் அதுவே எதிர்ச்சாட்சியும் ஆகும். வேறு கோப்பில் எழுதி ஒட்டியிருந்தால் அந்தக் கோப்பைத் தேடி எடுங்கள். விளக்க அறிக்கையையும் ஏ.ஐ.யிடமே கேட்டு எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்ல ஒன்றுமில்லை.

நண்பரோடு சேர்ந்து எழுதியதாக இரண்டு பேர் மீது குற்றச்சாட்டு வந்தால் ஒரு சிக்கல் உண்டு. ஒருவருக்குச் சாதகமானது மற்றவருக்குப் பாதகமாகலாம் என்பதால் ஒரே ஆலோசகர் இருவரையும் எடுக்கமாட்டார். சின்ன யூனியனில் இரண்டாவதாகப் போனவருக்கு 'வேறு இடம் பாருங்கள்' என்ற பதிலே கிடைக்கக்கூடும். முந்திக்கொள்ளுங்கள் என்று சொல்வது அழகில்லைதான், ஆனால் நடைமுறை அதுதான்.

கட்டுரை எழுதித் தரும் சேவைகளை விற்பதும் விளம்பரம் செய்வதும் இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்கிய மாணவர் மீது கிரிமினல் வழக்கு வராது, பல்கலைக்கழகம் வெளியேற்றலாம். வாங்கியவரிடமே பிறகு "துறைக்குச் சொல்லிவிடுவோம்" என்று மிரட்டிப் பணம் பறிப்பதும் நடக்கிறது. அப்படி மாட்டியவருக்கும் இந்த அறை திறந்தே இருக்கிறது. ஆலோசகர் நீதிபதி அல்ல.

மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ், சில இடங்களில் 'எக்ஸ்டென்யுவேட்டிங்', என்பது உடல்நலக் குறைவு, துக்கம் போன்ற காரணத்தால் தவணை நீட்டிப்போ மறுவாய்ப்போ கேட்பது. இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் காரணம் பொய் என்பதால் தோற்பதில்லை, சான்று சரியில்லை என்பதால் தோற்கிறார்கள். குணமான பிறகு ஜி.பி.யிடம் (பதிவு செய்துள்ள பொது மருத்துவரிடம்) போய் வாங்கிய கடிதத்தில் "கடந்த வாரம் உடல்நிலை சரியில்லை என்று நோயாளி கூறுகிறார்" என்றுதான் இருக்கும். மருத்துவர் தானே பார்த்தது அல்ல என்பதால் அதற்கு எடை குறைவு. நோயின்போதே பார்த்த பதிவு, மருந்துச் சீட்டு, மருத்துவமனைப் பதிவு வேண்டும். சான்றில் உள்ள தேதிகள் அசைன்மென்ட் தேதியோடு பொருந்த வேண்டும். ஊரில் பாட்டி இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்காது; உறவைக் காட்ட வேறென்ன ஏற்பார்கள் என்பதை ஆலோசகரிடம் கேளுங்கள். தமிழில் மட்டும் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். முக்கியமாக, தேர்வுக்கு முன்போ, விதி தரும் சில நாட்களுக்குள்ளோ கேட்க வேண்டும். 'மார்க் வரட்டும், பார்க்கலாம்' என்று காத்திருப்பதுதான் நம் மாணவர்களின் பெரிய பிழை. மார்க் வந்தபின் அது மிட்டிகேஷன் அல்ல, அப்பீல். அங்கே முதல் கேள்வியே "ஏன் அப்போதே சொல்லவில்லை?"

அப்பீலுக்கு ஏற்கப்படும் காரணங்கள் பொதுவாக மூன்று: விதிமுறைப்படி நடக்காதது, தகுந்த காரணத்தால் முன்பு சொல்ல முடியாத சூழ்நிலை, பாரபட்சம். "இன்னும் ஐந்து மார்க் போட்டிருக்கலாம்" என்பது இதில் எதுவும் இல்லை. கல்விசார்ந்த மதிப்பீட்டை அப்பீலில் கேள்வி கேட்க முடியாது. இதை முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பும் ஆலோசகர்மேல் மாணவர்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் மூன்று மாதம் வீணாகாமல் காப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அவகாசம் பல இடங்களில் 10 முதல் 20 வேலை நாட்கள். வரைவை நீங்கள்தான் எழுத வேண்டும். ஆலோசகர் படித்துக் குறிப்பு எழுதித் தருவார், அதற்கு இரண்டு மூன்று வேலை நாட்கள் பிடிக்கும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அனுப்பினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு பக்கச் சோகக்கதையை ஒன்றரைப் பக்கமாக, தேதி வாரியாக, ஒவ்வொரு வரிக்கும் எதிரே சான்று எண்ணோடு மாற்றச் சொல்வார்கள். அதைக் கேட்பது நல்லது.

பல்கலைக்கழகத்துக்குள் எல்லாப் படியும் முடிந்தும் தீர்வு இல்லையென்றால் 'கம்ப்ளீஷன் ஆஃப் ப்ரொசீஜர்ஸ்' என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓ.ஐ.ஏ. என்ற சுயேச்சைத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போக அதுதான் சாவி. கடிதத் தேதியிலிருந்து 12 மாதம் அவகாசம். மாணவருக்குச் செலவு இல்லை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பொதுச்சேவை ஆம்புட்ஸ்மன்கள் (குறைதீர்ப்பு அதிகாரிகள்) தனித்தனி. யூனியன் ஆலோசகர் இந்தப் படிவத்துக்கும் உதவுவார்.

இந்த அறையால் முடியாதது விசா. குடியேற்ற ஆலோசனை சொல்ல 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதி வேண்டும். அதனால் பெரும்பாலான யூனியன்கள் உங்களைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். ஆனால் இரண்டும் பின்னிப்பிணைந்தவை. முழு வருட முதுகலைக்கு விசா, படிப்பு முடிந்து நான்கு மாதம் வரை நீளும். படிப்புக்குப் பின் தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசாவுக்கு அந்த மாணவர் விசா உயிரோடு இருக்கும்போதே பிரிட்டனுக்குள்ளிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் படிப்பு வெற்றிகரமாக முடிந்ததைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். டெசர்டேஷன் (இறுதி ஆய்வேடு) மீது செப்டம்பரில் மிஸ்கான்டக்ட் விசாரணை தொடங்கி டிசம்பர் வரை இழுத்தால் இந்த நான்கு மாதமும் கரைந்துவிடும். அப்பீல் போட்டிருப்பதால் மட்டும் விசா நீளாது. எனவே முதல் மின்னஞ்சலிலேயே விசா முடியும் தேதியை எழுதுங்கள். விசாரணையை முன்கூட்டி வைக்கச் சொல்லி ஆலோசகர் கேட்க அது ஒரு பிடி.

வீட்டு ஒப்பந்தம் பார்த்துத் தருவது இன்னொரு நல்ல சேவை, பயன்படுத்துபவர் குறைவு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அனுப்ப வேண்டும், பின் அல்ல. அவர்கள் முதலில் தேடும் சொல் 'ஜாயின்ட் அண்ட் செவரல்'. நால்வர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒருவர் ஜனவரியில் ஊருக்குப் போய்விட்டால் அவர் பங்கையும் மற்ற மூவரிடம் உரிமையாளர் கேட்கலாம் என்பதே அதன் பொருள். அடுத்தது டெபாசிட். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. 30 நாட்களுக்குள் அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் அதைப் போட்டு விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். போடாவிட்டால் டெபாசிட்டின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் விதிக்கலாம். இந்த ஒரு வரியை ஆலோசகர் துணையோடு கடிதமாக எழுதினாலே பல உரிமையாளர்கள் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆனால் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் ஒரு அறையில் நீங்கள் இருந்தால் டெபாசிட்டைத் திட்டத்தில் போட வைக்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. தெரிந்த தமிழர் வீட்டு மாடியறையில் ஒப்பந்தம் இல்லாமல் ரொக்கம் கொடுத்துத் தங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். கவுன்சில் வரி (உள்ளாட்சி வீட்டு வரி): வீட்டில் இருக்கும் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் விலக்கு, வேலைக்குப் போகும் ஒருவர் குடிவந்தால் ரசீது வரத் தொடங்கும்.

கிளப், சொசைட்டி (ஒத்த ஆர்வமுள்ள மாணவர்களின் குழு) பக்கம் வருவோம். சொசைட்டி உறுப்பினர் கட்டணம் சில பவுண்டுகள்தான். விளையாட்டுக் கிளப் அப்படி அல்ல: கிளப் கட்டணம், யூனியனின் விளையாட்டு உறுப்பினர் கட்டணம், சீருடை, சில இடங்களில் ஜிம் சந்தாவும் சேரும். மேஜையில் எழுதியிருப்பது முதல் தொகை மட்டும். மொத்தத்தைக் கேட்டுவிட்டு அட்டையைத் தேய்க்கவும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் புதன்கிழமை மதியம் நடப்பது வழக்கம். முதுகலை வகுப்புகள் அதைப் பார்த்து அமைவதில்லை.

தமிழ் சொசைட்டி பல வளாகங்களில் உண்டு. உறுப்பினர்களில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும், நடனம் தமிழ்ப் பாட்டுக்கு நடக்கும். சென்னையிலிருந்து போனவர் முதல் நாள் கொஞ்சம் விழிப்பார், பிறகு பழகிவிடும். இல்லாத இடத்தில் தொடங்க வேண்டுமென்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர், ஒரு விதித்தாள், யூனியன் கேட்கும் எண்ணிக்கையில் ஆதரவுக் கையொப்பம் தேவை. செப்டம்பரில் வந்து அடுத்த செப்டம்பரில் போகும் முதுகலை மாணவர்கள் மட்டுமே குழுவில் இருந்தால் அந்தச் சொசைட்டி அடுத்த வருடம் செத்துவிடும். ஒரு இளங்கலை மாணவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் முழுக்க யூனியன் கணக்கில்தான் இருக்க வேண்டும். உறுப்பினர் காசை யாரோ ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் வாங்குவது சொசைட்டியை முடக்கும் அளவுக்குக் குற்றம்.

பொங்கல் விழா வைக்கும்போது எல்லோரும் முட்டும் இடம் சாப்பாடு. நாலு வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறலாம் என்று திட்டம் போட்டிருப்பீர்கள். யூனியன் பெரும்பாலும் அனுமதிக்காது. உணவால் ஏதாவது ஆனால் காப்பீடு கைகொடுக்காது என்பதே காரணம். பதிவுபெற்ற கேட்டரிங், நல்ல சுகாதார மதிப்பெண், 14 ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் கேட்பார்கள். சாம்பாரில் பெருங்காயத்தோடு கோதுமை மாவு வருகிறது, பொங்கலில் முந்திரி, வடை பொரித்த எண்ணெய் எது என்றெல்லாம் எழுதித்தர வேண்டும். எள், கடுகு இரண்டும் அந்த 14இல் உண்டு. தாளித்த எதையும் 'ஒவ்வாமை இல்லாதது' என்று எழுதிவிட முடியாது. ரிஸ்க் அசெஸ்மென்ட், அறைப் பதிவு, வெளிப் பேச்சாளர் படிவம் எல்லாவற்றுக்கும் சில வாரம் முன்பே மனுப் போடுங்கள். பொங்கல் ஜனவரி நடுவில். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாட்களுக்கு மேல் அலுவலகம் மூடும். நவம்பரிலேயே படிவம் போகாவிட்டால் தைப் பொங்கல் மாசியில்தான்.

கைப்பட்டை, தள்ளுபடி அட்டை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ரெஷர்ஸ் (புது மாணவர் வரவேற்பு வாரம்) கைப்பட்டை இரவு விருந்துகளுக்கானது. மதுவும் நடனமும் விருப்பமில்லாதவருக்கு வீண், பகல் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம். விசா தாமதமாகிப் பாதி வாரம் கழித்து வந்தால் பணம் திரும்ப வராது. 'அஃபிஷியல்' என்று சமூக வலைத்தளத்தில் விற்கும் பட்டைகளில் பல தனியார் விருந்து வியாபாரிகளுடையவை. யூனியனின் சொந்த இணையதளத்தில் இல்லாததை வாங்காதீர்கள். எந்தத் தள்ளுபடி அட்டைக்கும் காசு கட்டும் முன் யூனிடேஸ், ஸ்டூடண்ட் பீன்ஸ் செயலிகளைப் பாருங்கள். இரண்டும் இலவசம், நீங்கள் வாங்கும் கடைகள் அநேகமாக அவற்றிலேயே இருக்கும்.

மதுக்கூடம், கடை, வரவேற்பு மேஜைகளில் மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை உண்டு. வகுப்பு நேரத்தைப் பார்த்து ஷிஃப்ட் தருவதாலும், மாணவர் விசாவின் வாரம் 20 மணி வரம்பை அறிந்திருப்பதாலும் வெளி வேலையைவிடப் பாதுகாப்பு. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 26, அடுத்த வாரம் 14 என்று சராசரி போட முடியாது. இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் 20. முதுகலை மாணவர்கள் ஏமாறும் இடம் கோடை: இளங்கலைக்கு அது விடுமுறை, டெசர்டேஷன் எழுதும் உங்களுக்கு அது கல்விக்காலம்தான். யூனியன் மதுக்கூட மேலாளருக்கே இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம்.

பிரதிநிதித்துவம்தான் இந்த அமைப்பின் பெயருக்குக் காரணம். சேவையாகப் பார்த்தால் அதுவே கலவையான சரக்கு. வகுப்புப் பிரதிநிதி முறை நன்றாக வேலை செய்கிறது: அசைன்மென்ட் திருத்தி வர இரண்டு மாதமாகிறது, ஒரே வாரத்தில் மூன்று தவணை விழுகிறது போன்றவற்றைத் தேதியோடு எழுதிக் கொடுத்தால் துறைக் கூட்டத்தில் பதிவாகும், அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். தனி ஒருவரின் மார்க் பிரச்சினையை அங்கே கொண்டுபோகக் கூடாது.

மேல்மட்டத் தேர்தல் வேறு கதை. முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு வேண்டும், சம்பளப் பதவியில் ஒருவர் மொத்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். வாக்குப்பதிவு வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில். வென்றவர்கள் கோடையில் பொறுப்பேற்பார்கள். செப்டம்பரில் வரும் முதுகலை மாணவரை ஆள்பவர்கள் அவர் வருமுன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர் வாக்களிப்பதோ தான் கிளம்பிய பிறகு நடக்கும் நிர்வாகத்துக்கு. மூன்று வருட இளங்கலை மாணவருக்காக வெட்டித் தைத்த சட்டை இது, நமக்கு எப்போதும் தொளதொள. வாக்குச்சீட்டில் 'ரான்' என்ற பெயர் இருக்கும். அவர் ஆள் அல்ல, 'வேட்புமனுவை மறுபடி திற' என்பதன் சுருக்கம். நம் ஊர் நோட்டாவுக்கு அண்ணன்: ரான் ஜெயித்தால் உண்மையிலேயே தேர்தல் மறுபடி நடக்கும்.

போட்டியிட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல், பலருக்குத் தெரியாதது. மாணவர் விசாவில் முழுநேர வேலைக்குத் தடை இருந்தாலும், தேர்ந்தெடுக்கப்பட்ட சபாட்டிகல் அலுவலர் (யூனியனின் முழுநேரச் சம்பளப் பதவி) பதவிக்கு இரண்டு ஆண்டு வரை விதிவிலக்கு உண்டு. மனுத் தாக்கலுக்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசி விசா நீட்டிப்புக்கு வழி செய்யுங்கள்.

யூனியனின் சேவையே சரியில்லை என்றால்? புகார் முறை வைத்திருப்பது அதற்குச் சட்டக் கடமை. உள்ளே தீராவிட்டால் பல்கலைக்கழக ஆட்சிக்குழு நியமிக்கும் சுயேச்சையான ஒருவர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். நிதி ஒதுக்கீட்டில் உங்கள் சொசைட்டி ஓரங்கட்டப்பட்டால், ஒதுக்கும் முறை எழுத்தில் இருக்க வேண்டும், எந்த மாணவரும் பார்க்கலாம் என்பதை மேற்கோள் காட்டுங்கள்.

கடைசியாக நேரம். அட்வைஸ் அறை பெரும்பாலும் வேலை நாட்களில் மட்டும், பத்து மணி முதல் நான்கு மணி போல இயங்கும். முன்பதிவு மின்னஞ்சல் வழியாக. இரவில் யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால் மாணவர்களே நடத்தும் நைட்லைன் பல வளாகங்களில் உண்டு. 1970இல் எஸெக்ஸில் தொடங்கியது, பெயர் கேட்கமாட்டார்கள், அறிவுரையும் சொல்லமாட்டார்கள், காது கொடுப்பார்கள். ஜனவரி முதல் வாரத்தில் அசைன்மென்ட் தவணை இருப்பவர்கள் டிசம்பர் நடுவுக்குள் அட்வைஸ் பிரிவுக்கு எழுதிவிடுங்கள். மூடியிருக்கும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் வரும் தானியங்கிப் பதிலை எந்தக் குழுவும் சான்றாக ஏற்காது.